மெனோபாஸும் ஹார்மோன் சிகிச்சையும்: ஓபியில் என்னிடம் பெண்கள் கேட்ட கேள்விகள்

மகளிர் நோய்ப் பிரிவு ஓபியில் 22 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். டாக்டரின் அறைக்குள் கேட்காத கேள்வியைப் பெண்கள் வெளியே வந்துதான் கேட்பார்கள். பிபி கருவியை நான் சுருட்டி வைக்கும் நேரத்தில், குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்று ஆரம்பிக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்து எழுத வேண்டியவர் உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால், அங்கே கிடைக்கும் ஐந்து நிமிடம் வீணாகாது.

மாதவிடாய் நின்றுவிட்டது, அதாவது மெனோபாஸ் வந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாக ஆகியிருக்க வேண்டும். நடுவில் எட்டாவது மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு நாலைந்து வருடம் முன்னதாகவே, 46, 47 வயதில். ஆனால் தொந்தரவுகள் அந்த 12 மாதம் முடியும்வரை காத்திருப்பதில்லை. மாதவிடாய் முன்னே பின்னே தள்ளிப்போக ஆரம்பிக்கும் வருடங்களிலேயே வந்துவிடும். "இன்னும் நிக்கலையே, அதுக்குள்ள எப்படி?" என்று பலர் குழம்புவது இதனால்தான். நிற்பதற்கு முன்பே சிகிச்சை தொடங்கலாம்.

உடம்பு திடீரென்று கொதிக்கிறது, குப்பென்று வேர்க்கிறது. இது வெயிலா, தைராய்டா, மெனோபாஸா?

அக்னி நட்சத்திரத்தில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். இது வேறு மாதிரி. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறும், சில நிமிடம் நிற்கும், வேர்த்துக் கொட்டும், அப்புறம் சில்லென்று ஆகிவிடும். மார்கழி விடியற்காலையிலும் வரும். மூளையில் உடம்பின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள நரம்புகள் தேவைக்கு மேல் துடிக்கின்றன. கொஞ்சம் சூடு கூடினாலே உடம்பு கொதிக்கிறது என்று நினைத்து வேர்வையைத் திறந்துவிடுகின்றன. கற்பனையோ நரம்புத் தளர்ச்சியோ இல்லை. சராசரியாக ஏழு வருடம் வரை நீடிக்கும் என்று நீண்ட நாள் ஆய்வுகள் காட்டுகின்றன. "ரெண்டு மாசம் பொறுத்துக்கோ, சரியாகிடும்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை அறிந்தவர்கள் இல்லை.

தைராய்டு கோளாறிலும் வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். அதனால் ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. 45 வயதைத் தாண்டி, மாதவிடாயும் தாறுமாறாகி, அனலும் அடிக்கிறது என்றால் எஃப்எஸ்ஹெச் போன்ற ஹார்மோன் பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை பொதுவாக இல்லை. அந்தக் காலகட்டத்தில் அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். உங்கள் வயதும் நீங்கள் சொல்லும் தொந்தரவுமே போதும்.

ஹார்மோன் சிகிச்சை என்றால் உடம்புக்குள் என்னதான் போகிறது?

முக்கியமாக ஈஸ்ட்ரோஜன். சினைப்பை (ஓவரி) சுரப்பதை நிறுத்திய அந்த ஹார்மோனை, சிறிய அளவில் வெளியிலிருந்து கொடுப்பது. அனல், இரவு வேர்வை, அதனால் கெடும் தூக்கம் இவற்றுக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. எலும்பு தேய்வதையும் தடுக்கிறது. கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு இதோடு புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும்.

ஏன் சேர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரை வளர்க்கும். அதைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டிரோன். 1960களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தார்கள். 1975இல் வெளியான ஆய்வுகள், அப்படி எடுத்தவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் வருவதைக் காட்டின. அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஆகவே சீட்டில் இரண்டு மருந்து இருந்து, "ஒண்ணு போதும், காசு மிச்சம்" என்று ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் நிறுத்துவது புரோஜெஸ்டிரோனைத்தான்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு. அப்போ எனக்கு மெனோபாஸ் வந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் போதாது. "கர்ப்பப்பை எடுத்துட்டாங்க" என்று வருகிற பெண்ணிடம் "சினைப்பையையும் சேர்த்தா?" என்று கேட்டால், பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. கணவருக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டு எந்தப் பரணில் இருக்கிறதோ.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய்தான் வராது. சினைப்பைகள் ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், கொஞ்சம் முன்னதாக ஓய்ந்துபோகலாம் என்றாலும். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், அறுவை நடந்த அன்றே மெனோபாஸ். இயற்கையாக வருவது படிப்படியாக இறங்குகிற மாதிரி என்றால், இது மாடியிலிருந்து விழுகிற மாதிரி. அனல், மூட்டுவலி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் மொத்தமாக வரும்.

நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 3 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதைவிட மிக அதிகம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன செய்தி 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. முப்பது வயதில் சினைப்பையும் போன ஒரு பெண்ணுக்கு அதற்கப்புறம் எலும்பும் இதயமும் என்ன ஆகும் என்று யாராவது அவளிடம் சொன்னார்களா என்பதுதான் என் கவலை.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் அறுவை செய்த இடத்தில் நகல் கேளுங்கள், ஸ்கேனிலும் ஓரளவு தெரியும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. கர்ப்பப்பை இல்லாதவருக்கு வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும், புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், சிலருக்கு இரண்டும் தருவார்கள்.

ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, சிஸ்டர்?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்க அரசு நடத்திய பெண்கள் நல ஆய்வு ஒன்று, ஆங்கில எழுத்துகளில் சுருக்கி டபிள்யூஹெச்ஐ என்பார்கள். அதில் ஒரு பகுதியில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 2002 ஜூலையில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள், டாக்டர்கள் எழுதுவதையே விட்டார்கள்.

அந்த ஆய்வு சொன்ன எண்ணைப் பாருங்கள். மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. அதாவது பத்தாயிரத்தில் எட்டுப் பேர் கூடுதல். பக்கவாதத்திலும் எட்டு, நுரையீரல் ரத்தக்கட்டிலும் எட்டு, மாரடைப்பு வகையில் ஏழு கூடுதல். அதே சமயம் இடுப்பெலும்பு முறிவு ஐந்தும் பெருங்குடல் புற்றுநோய் ஆறும் குறைந்தன. மார்பகப் புற்றுநோயின் அந்த எட்டைச் செய்தித்தாள்கள் "26 சதவீதம் அதிகம்" என்று எழுதின. இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் கேட்கிறவரின் வயிற்றைக் கலக்குவது இரண்டாவதுதான்.

இன்னொன்று, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்கள்தான் அதிகம். ஓபிக்கு அனல் அடிக்கிறது என்று வருகிறவருக்கு வயது 48. மேலும் அந்த மருந்து, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் ஒரு செயற்கை மருந்தும் சேர்ந்தது. இன்று பலருக்கும் எழுதுவது மனித உடம்பில் இருப்பதைப் போலவே உள்ள எஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனும் மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரோஜெஸ்டிரோனும். அதே ஆய்வில் கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதியும் இருந்தது. அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, நீண்ட நாள் பின்தொடர்ந்ததில் குறைந்தே இருந்தது. இது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

ஆனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் உலக ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த கணக்கு வந்தது. மேலை நாடுகளில் ஹார்மோன் எடுக்காத 100 பெண்களில், 50 முதல் 69 வயதுக்குள் சுமார் 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுத்தவர்களில் அது 8. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 7க்குக் கொஞ்சம் கீழே. இந்தியாவில் அடிப்படை எண்ணிக்கையே இதைவிடக் குறைவு, சென்னை போன்ற நகரங்களில் ஏறிக்கொண்டிருந்தாலும். நூறு பேரில் இரண்டு பேர் என்பது ஒரு பெண்ணுக்குப் பெரிதாகவும், மூன்று வருடமாகத் தூங்காத இன்னொரு பெண்ணுக்குச் சிறிதாகவும் தெரியலாம். முடிவு அவர்களுடையது. எண்ணைச் சொல்லாமல் பயத்தை மட்டும் சொல்லி அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கைகளில் (அங்கே மருந்துக்குப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தது.

எந்த வயதில் தொடங்கலாம்? என் அம்மாவுக்கு 67, அவருக்குக் கொடுக்கலாமா?

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்ணுக்கு, தொந்தரவு இருந்தால், நன்மையே அதிகம் என்பது இன்று பல நாட்டு மருத்துவர் சங்கங்களின் கருத்து. 67 வயதில் புதிதாகத் தொடங்குவது வேறு கதை. ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும், பக்கவாதம், மாரடைப்பு அபாயம் கூடும். 65க்கு மேல் தொடங்கியவர்களிடம் மறதி நோயும் கூடியதாக அந்த அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதி காட்டியது. ஞாபக சக்திக்காகவோ இளமைக்காகவோ யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

லண்டனில் இருக்கும் என் அக்கா தோலில் ஏதோ ஒட்டிக்கொள்கிறாள். எனக்கு மாத்திரை தருகிறார்கள். எது நல்லது?

அக்கா ஒட்டுவது ஈஸ்ட்ரோஜன் பேட்ச். (இங்கிலாந்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஹார்மோன் சிகிச்சைக்கென்று ஒரு முன்பணச் சான்றிதழ் உண்டு. இரண்டு மருந்துச் சீட்டின் கட்டணத்தைக் கட்டினால் வருடம் முழுக்க வாங்கலாம். அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாமல் ஒவ்வொரு முறையும் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.)

மாத்திரை வயிற்றிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே ரத்தம் உறைய உதவும் பொருட்களின் சுரப்பைக் கூட்டிவிடும். அதனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. தோல் வழியாகப் போகும் பேட்ச்சும் ஜெல்லும் வழக்கமான அளவில் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. நம் ஊரில் பேட்ச் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது, ஜெல் கிடைக்கும். கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும். காய்வதற்கு முன் பேரக்குழந்தையைத் தூக்க வேண்டாம், ஹார்மோன் குழந்தையின் தோலுக்குப் போய்விடும். உடல் எடை அதிகம், ஒற்றைத் தலைவலி, பிபி, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் "எனக்கு ஜெல் தரலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

பிபியும் சர்க்கரையும் இருக்கிறது. எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம். பிபியை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஹார்மோன் சிகிச்சை சர்க்கரையைக் கெடுப்பதில்லை.

அப்படியானால் யார்தான் எடுக்கக் கூடாது?

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோய் இப்போது தீவிரமாக இருப்பவர்கள், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்கள். கடைசி வகையில் சிலருக்கு நிபுணர்கள் யோசித்துத் தோல்வழி மருந்து தருவதுண்டு. சித்தி, அத்தை யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்தால் கதவு மூடிவிடாது, ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு 36 வயதுதான். மாதவிடாய் நின்றுவிட்டது. இந்த வயதில் ஹார்மோன் எடுப்பது ஆபத்தில்லையா?

உங்கள் விஷயத்தில் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. 40 வயதுக்கு முன் சினைப்பை ஓய்ந்துபோனால் எலும்பும் இதயமும் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே பாதுகாப்பை இழக்கின்றன. ஆகவே வேறு தடை இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரை, ஏறக்குறைய 50 வரை, கொடுப்பார்கள். 2002 ஆய்வின் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வயதில் உடம்பில் இருக்க வேண்டியதைத் திருப்பி வைப்பது இது. 45க்குள் சினைப்பைகளை அறுவையில் இழந்தவர்களுக்கும் இதேதான்.

கீழே எரிச்சல், வறட்சி. கணவரோடு சேரவே பயமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, யாரிடம் சொல்வது?

என்னிடம் மிக மெல்லிய குரலில் வந்த கேள்வி இது. ஒருவர் தனக்கு இப்படி என்று பதினொரு வருடம் கழித்துச் சொன்னார். அதுவரை அடிக்கடி நீர்க்கடுப்பு என்றுதான் வந்து மாத்திரை வாங்கிப் போவார்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு போகும், சிறுநீர்ப் பாதையும்தான். எரிச்சல், அரிப்பு, உறவின்போது வலி, அவசரமாகச் சிறுநீர், அடிக்கடி சிறுநீர்த் தொற்று. அனல் சில வருடத்தில் தணியும், இது தானாகத் தணியாது, வருடம் போகப் போகக் கூடும். இதற்கு எஸ்ட்ரியோல் கிரீம் போன்ற, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு என்பதால் 70 வயதிலும் வைக்கலாம், கர்ப்பப்பை இருந்தாலும் கூடவே புரோஜெஸ்டிரோன் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். அப்படி நீட்டியவர்கள் நிறையப் பேர்.

எடை கூடுமா?

ஹார்மோன் சிகிச்சையால் கூடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்த வயதில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வயிற்றில் சதை போடும்.

கோவில் விசேஷத்துக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை போடுவோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன், அதை வைத்து அனலுக்குச் சிகிச்சை செய்வதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். 47 வயதில் பத்து நாள், பதினைந்து நாள் என்று ரத்தம் போவதை அந்த மாத்திரையால் நிறுத்தி நிறுத்தி, காரணத்தைப் பார்க்காமலே விட்டவர்களும் உண்டு.

இந்த மருந்து எடுக்கும்போது கர்ப்பம் ஆகுமா?

ஆகலாம், இது கருத்தடை மருந்து இல்லை. 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடமும், 50க்கு மேல் நின்றால் ஒரு வருடமும் பாதுகாப்பு தேவை. ஹார்மோன் சுரக்கும் வகைக் காப்பர் டி மாதிரியான சாதனம் ஒன்று உண்டு, மிரெனா என்ற பெயரில் வருவது. அது கருத்தடையாகவும் இருக்கும், கர்ப்பப்பை உட்சுவரையும் காக்கும், ரத்தப்போக்கையும் குறைக்கும். அப்போது ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

எத்தனை வருடம் எடுக்கலாம்?

இத்தனை வருடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று கெடு எதுவும் இல்லை. தொடங்கி மூன்று மாதத்தில் ஒருமுறையும் அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையும் டாக்டரைப் பார்த்து, பிபி பார்த்து, இன்னும் தேவையா என்று பேச வேண்டும். உங்கள் வயதுக்கான மார்பகப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்தால் அனல் சட்டென்று திரும்புவது குறையலாம். நீண்ட நாளில் பார்த்தால் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை.

எனக்கு ஹார்மோனே வேண்டாம். உளுந்தங்களி, தண்ணீர்விட்டான் கிழங்கு, யோகா இதெல்லாம் போதுமா?

உளுந்தங்களி நல்ல சாப்பாடு, வயதுக்கு வந்தபோது அம்மா கிண்டிக் கொடுத்த அதே களியை இப்போது நீங்களே உங்களுக்குக் கிண்டிச் சாப்பிடுங்கள். ஆனால் அது ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடாகாது. தண்ணீர்விட்டான் கிழங்குக்கு அனலைத் தணிக்கும் உறுதியான ஆதாரம் இதுவரை போதவில்லை. சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எடையைக் குறைப்பது, பருத்திச் சேலை, படுக்கும் அறையில் காற்று, இவை அனலுக்கு உதவும். எடை தூக்கும் பயிற்சியும் வெயிலில் நடப்பதும் எலும்புக்கு உதவும். மனநல ஆலோசகர் கற்றுத்தரும் சிபிடி என்ற பயிற்சி, அனல் வரும்போது ஏற்படும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது.

ஹார்மோன் எடுக்கவே கூடாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற மருந்துகள் ஓரளவு பலன் தரும். மூளையின் சூட்டுக் கட்டுப்பாட்டு நரம்புகளையே அமைதிப்படுத்தும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆயிற்று. போன வாரம் லேசாகக் கறை பட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டுமா?

இந்த வாரமே போங்கள். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் லேசான கறை சகஜம், அதற்கு மேலும் நீடித்தால் பார்க்க வேண்டும். எந்த மருந்தும் எடுக்காமல், நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு பட்டால், ஒரு துளி என்றாலும், வலியே இல்லை என்றாலும், ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் வறட்சிதான் காரணமாக இருக்கும். சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம், அந்தக் கட்டத்தில் பிடித்தால் குணப்படுத்த முடியும். "மறுபடி தூரம் வந்துடுச்சு போல, உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு எட்டு மாதம் கழித்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மகளின் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓபி சீட்டு போடும்போது "நின்னுபோன பிறகு ரத்தம் வருது" என்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.